லுவான் ஆற்றுப் பள்ளத்தாக்கு நடைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிரான்ஸின் 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான நமது நடைச் சங்கத்தின் யாப்புப்படி, கடந்த ஆண்டின் செயற்பாடுகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தடவை போனோம் என்பது வரவேட்டில் இருக்கிறது. விரும்பியவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். பாதைகளைப் பற்றியும், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களைப் பற்றியுமே இங்கே பேசுகிறேன்.

இந்த ஆண்டும் லுவான் பள்ளத்தாக்கையே முதன்மையாக வைத்திருந்தோம். காரணம் ரயில். பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து மொந்தார்ஜி நோக்கிப் போகும் ஆர் (R) வழித்தட ரயில், மொரேயைத் தாண்டியதும் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. மொந்தினி, பூரோன்-மார்லோத், நெமூர், பன்யோ, சூப் என்று அடுத்தடுத்து நிலையங்கள். ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்ததில் ஏறலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தேவையில்லை. நெமூரிலிருந்து சூப் வரை போக முடியாதவர்கள் பன்யோவில் நிறுத்திக்கொள்ளலாம். முதியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் குழுவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு பாரிஸைச் சுற்றிக் குறைவு.

ரயிலில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஆர் வழித்தடம் பிரிந்து போவது. பெயர்ப்பலகையில் மொந்தரோ என்றிருந்தால் அது நமது ரயில் அல்ல. மொரே வழியாகப் போகும் மொந்தரோ ரயில் என்றால் மொரேயில் இறங்கி மாறலாம். மெலனிலிருந்து எரிசி வழியாகப் போவது மொரேக்கே வராது. அடுத்தது ரிக்கற். பாரிஸ் பிராந்தியத்தின் பயண அட்டையான நவிகோ சூப் நிலையம் வரைதான் செல்லும். அடுத்த நிலையமான தோர்தீவ் லுவாரே மாவட்டம், பாரிஸ் பிராந்தியமான இல்-து-பிரான்ஸுக்கு வெளியே. தூக்கத்தில் ஒரு நிலையம் தாண்டினாலும் தண்டம் தண்டம்தான். இரண்டு வலயங்களுக்கு மட்டும் மாத அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் எல்லா வலயமும் திறந்திருப்பதால், நமது நடைகளுக்கு அவர்கள் மேலதிகமாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இனி நடை. மலை ஏறப் போகிறவர் ஆயத்தத்தோடு போகிறார். ஆற்றங்கரையில் நடக்கிறவர் சந்தைக்குப் போவதுபோலப் புறப்பட்டுவிடுகிறார். சமதரைப் பாதை இலகுவானது என்ற எண்ணம்தான் இந்தப் பள்ளத்தாக்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

கால்வாய்க்கரையை எடுத்துக்கொள்வோம். லுவான் ஆழமில்லாத ஆறு, வழிநெடுக ஆலை அணைகள். படகுகளுக்கு அது தோதில்லாததால் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆற்றுக்குப் பக்கத்திலேயே 49 கிலோமீற்றர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைதான் இன்று நமது பாதை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனாலேயே ஒவ்வொரு அடியும் காலின் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் விழுகிறது. கரடுமுரடான பாதையில் பாரம் மாறி மாறி விழும். இறுக்கிய கரையில் அப்படி இல்லை. எட்டாவது கிலோமீற்றருக்குப் பிறகு உள்ளங்கால் எரிகிறது, குதிகாலில் கொப்புளம் போடுகிறது. விறைப்பான மலைச் சப்பாத்து இங்கே உதவாது. தடித்த, வளையக்கூடிய அடியுள்ள தாழ்ந்த சப்பாத்தே நல்லது. பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துவைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை அணியுங்கள். கரையோரப் புல்லில் அவ்வப்போது இறங்கி நடந்தால் பாதி வலி குறையும். தோல் சூடாகிறது என்று தெரிந்தவுடனேயே நின்று ஒட்டுப்பட்டி போட வேண்டும். கொப்புளம் வந்தபின் போடுவது தாமதம்.

சப்பாத்தின் அடி கழன்றுபோவது தனிக் கதை. அலுமாரியில் ஐந்தாறு வருடம் கிடந்த சப்பாத்து பார்வைக்குப் புதிதுபோல இருக்கும். நடு அடியில் உள்ள பொலியூரித்தேன் நுரை காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும். நடந்து ஒரு மணித்தியாலத்தில் அடி முழுதாகப் பிரியும், பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே நாளில். புறப்படும் முன்பு வீட்டில் பெருவிரலால் நுரையை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உதிர்வோ தெரிந்தால் அது குப்பைக்கு. வழியில் கழன்றால் அகலமான துணிப்பட்டியை முன்பாதத்தைச் சுற்றி மூன்று சுற்று, நடுப்பாதத்தில் மூன்று சுற்று சுற்றினால் அடுத்த நிலையம் வரை தாங்கும். நடை வழிகாட்டிகள் ஒவ்வொருவர் பையிலும் இந்தப் பட்டி இருக்கிறது.

மழைக்குப் பிறகு எந்தப் பாதை என்பதே அதிகம் கேட்கப்படும் கேள்வி. பள்ளத்தாக்கின் அடி வண்டல் களிமண். பொப்லார் தோப்புகளுக்கு நடுவே தண்ணீர் வாரக்கணக்கில் வற்றாது. இரண்டு கிலோமீற்றர் மேற்கே பொந்தேன்புளோக் காட்டுப் பக்கம் மணல். அடை மழை பெய்தாலும் மறுநாளே நடக்கலாம். ஆகவே மழை வாரத்தில் பூரோனில் இறங்கி ஆற்றுக்குப் போகாமல் காட்டுக்குள் திரும்புவதே நமது வழக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை, நடைக்கு முதல் நாள் மாலை விஜிக்ரூ வெள்ள எச்சரிக்கைப் படத்தைப் பார்க்காமல் எந்த நடையும் உறுதிப்படுத்தப்படுவதில்லை. அது காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் புதுப்பிக்கப்படுகிறது. மஞ்சள் என்றால் புல்வெளிப் பாதைகளை விட்டுவிடுகிறோம். செம்மஞ்சள் என்றால் நடையே இல்லை. கோடையிலும் அசட்டை கூடாது: 2016 ஜூன் தொடக்கத்தில் நெமூர் நகருக்குள் லுவான் புகுந்தபோது நீர்மட்டம் 1910 வெள்ளத்தையும் மிஞ்சியது.

காட்டுப் பக்கம் போனால் அடையாளங்களில் குழப்பம் வரும். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தால் நீள்பாதை. இங்கே அது ஜிஆர் 13. மஞ்சளுக்குக் கீழே சிவப்பு இருந்தால் வட்டார நீள்பாதை. மஞ்சள் மட்டும் என்றால் உள்ளூர்ச் சிறுபாதை. பெருக்கல் குறி கண்டால் அந்தப் பக்கம் போகக்கூடாது. பொந்தேன்புளோவில் இவற்றோடு தெனெக்கூர் என்பவர் அமைத்த பழைய நடைபாதைகளின் நீலக் கோடும், காட்டைச் சுற்றும் பாதையின் பச்சையும் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாறைகளில் மஞ்சள், நீலம், சிவப்பு அம்புகள், பக்கத்தில் எண்கள். அவை பாறை ஏறுவோருக்கானவை. அம்பைப் பின்தொடர்ந்தால் ஒரு பாறையின் உச்சியில் போய் முடியும். பிள்ளைகளுக்கு அது சந்தோசம், பெற்றோருக்கு இல்லை.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. தனியாள் மணிக்கு 4 கிலோமீற்றர் நடப்பார். குழு 3தான் நடக்கும். பூரோன் நிலையத்திலிருந்து கிரே ஊருக்குள் இறங்கி, பழைய கல்பாலத்தைக் கடந்து, கால்வாய் வழியே நெமூர் போக ஏறத்தாழ 10 கிலோமீற்றர். சாப்பாட்டு நேரத்தோடு நாலரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைவதால் காலை ரயிலைத் தவறவிட்டவர் அந்த நடைக்கு வராமல் இருப்பதே நல்லது. ஊருக்கு வெளியே வாகனச் சாலையில் நடக்க நேர்ந்தால் ஒற்றை வரிசையில், இடது ஓரமாக. கால்வாய்க்கரையில் நீண்டதூர ஸ்கன்டிபெரிக் சைக்கிள் பாதையும் ஓடுகிறது. நான்கு பேர் கைகோத்துக் கதைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை அங்கே விட வேண்டும். சைக்கிள் மணி அடித்தால் எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்குங்கள். ஆளுக்கொரு பக்கம் பாய்வதுதான் விபத்து.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், கோடையில் இரண்டு. தீர்ந்தால் சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) போங்கள். பிரான்ஸில் ஏறக்குறைய எல்லாக் கிராமச் சேமக்காலையிலும் குழாய் உண்டு. முகம் சுளிப்பவர்கள் தாகம் எடுக்கும்வரை சுளிக்கலாம். ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற பலகை இல்லையா என்று மட்டும் பாருங்கள். உறைபனிக் காலத்தில் குழாயைப் பூட்டிவிடுவார்கள். கிராமத்துப் பாண்கடை ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். அதை நம்பிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வராதீர்கள்.

உண்ணி. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உயரப் புல்லில் நடந்தால் அன்றிரவே முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்குத் தலைமுடி ஓரம் என்று பார்க்க வேண்டும். மருந்தகத்தில் விற்கும் சிறு கொக்கியைத் தோலோடு வைத்துச் சுழற்றி எடுங்கள். எண்ணெய், அற்ககோல், நெருப்பு எதுவும் வேண்டாம். தொந்தரவு செய்தால் அது தன் எச்சிலை உள்ளே விடும், கிருமி அதில்தான் இருக்கிறது. கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். 3 முதல் 30 நாட்களுக்குள் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரிடம் போங்கள். லைம் நோய்க்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும்.

செப்டெம்பர் நடுப்பகுதி முதல் பெப்ரவரி முடிவு வரை வேட்டைக் காலம். காட்டோர நடைகளுக்குச் செம்மஞ்சள் மேலங்கி கட்டாயம். வேட்டை நடப்பதாகப் பலகை கண்டால் அந்தப் பாதை அன்று மூடப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மொரேயின் பாலத்தை ஓவியர் சிஸ்லே வரைந்தார், அங்கேயே 1899இல் காலமானார். கிரேயில் இசையமைப்பாளர் டீலியஸ் 1897 முதல் வாழ்ந்தார். நான் பரிந்துரைப்பது மொந்தினி அருகில் உள்ள சோர்க் சமவெளி. மணல் அகழ்ந்த குழிகள் ஏரியாகி, நீர்ப்பறவைகள் தங்கும் காப்பிடமாகியிருக்கின்றன. மறைவிடங்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் குளிர்காலத்தில் வாத்துக் கூட்டங்களை அருகிலேயே பார்க்கலாம்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு அவையின் முடிவுக்கு வைப்பவை: ஒவ்வொரு நடைக்கும் முன்னால் செல்பவர் ஒருவரைப் போலவே, கடைசியாக வருபவர் ஒருவரையும் பெயர் குறித்து நியமிப்பது (அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது), ஜூலை, ஓகஸ்டில் முதல் ரயிலிலேயே புறப்பட்டு மதியத்துக்குள் முடிப்பது, உண்ணிக் கொக்கி, ஒட்டுப்பட்டி, துணிப்பட்டி அடங்கிய முதலுதவிப் பைகளைச் சங்கச் செலவில் வாங்குவது, சூப்பைத் தாண்டி மொந்தார்ஜி வரை நடக்கும் நாட்களில் மேலதிக ரிக்கற்றை முன்கூட்டியே மொத்தமாக எடுப்பது. கடைசி யோசனைக்குப் பொருளாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவரது காரணத்தை அவரே சொல்வார்.

அறிக்கையை அவையின் ஏற்புக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்