என்.சி.சி. கோடை முகாம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாணவ மாணவியருக்கான பத்து நாள் கோடை முகாம் மே இரண்டாம் வாரத்தில் மதுரை அருகே நாகமலை அடிவாரத்தில் தொடங்குகிறது. அணிவகுப்பு, பாயிண்ட் 22 துப்பாக்கி சுடுதல், வரைபடம் பார்த்தல் எல்லாம் வழக்கம்போல் உண்டு. இந்த ஆண்டு புதிதாக, பொட்டல் காட்டில் ஒரு தற்காலிகப் படைத்தளம் அமைத்து நடத்தும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது.

“கூடாரம் அடிக்கவா பத்து நாள்?” என்று ஒரு தந்தை கேட்டார். கூடாரம் அதில் கடைசி வேலை. முதலில் தண்ணீர் எங்கே என்று பார்க்க வேண்டும். சமையற்கட்டு ஓரிடம், கழிப்பிடம் அதற்கு வெகு தூரத்தில், சரிவின் கீழ்ப்பக்கம். பழைய போர்களில் குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் இறந்த சிப்பாய்களே அதிகம் என்பதால் இந்த ஒழுங்கு. கோடை மழை திடீரென்று கொட்டினால் கூடாரத்துக்குள் தண்ணீர் புகாதபடி சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவார்கள். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக் காவல் நிற்பார்கள். அடையாளச் சொல் தெரியாமல் வருபவர் யாராக இருந்தாலும், நானே போனாலும், நிறுத்தப்படுவார். இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் கொண்டு ஸ்டிரெச்சர் கட்டவும் கற்றுக்கொள்வார்கள்.

வெயிலைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வெளிப்பயிற்சி காலை ஐந்தரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிந்துவிடும். மீண்டும் மாலை நான்கரைக்குப் பிறகே. இடையில் நிழலில் வகுப்பு. உப்பு, சர்க்கரை கரைத்த நீர் எப்போதும் இருக்கும். ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். பிள்ளையை முகாமிலிருந்து விலக்குவதற்காக இதைக் கேட்கவில்லை.

மகளை அனுப்பத் தயங்குவோருக்கு: மாணவியருக்குத் தங்குமிடம் தனி, உடன் இருப்பவர்கள் பெண் அலுவலர்கள். முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும், புனே அருகிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியிலேயே 2022 முதல் பெண்கள் பயில்கிறார்கள். நாகமலை அவ்வளவு தூரமில்லை.

புது பூட்ஸை முகாமுக்கு முதல் நாள் வாங்கித் தராதீர்கள். இப்போதே போட்டு நடக்கட்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே குதிகால் கொப்புளித்துவிடும். கொசுவலை, டார்ச், தட்டு, டம்ளர் அவசியம். செல்போன் கூடாது. கட்டணம் எதுவும் இல்லை. முறுக்கு, அதிரசம் கொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது வருகிறார்கள். காவல் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிய தர்மசங்கடம்.

என்.சி.சி.யின் முதல் நிலையான ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு எழுத ஒரு முகாமிலாவது கலந்துகொண்டிருக்க வேண்டும். ஒப்புதல் படிவமும் மருத்துவச் சான்றும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் என்.சி.சி. ஆசிரியரிடம் சேர வேண்டும். கையெழுத்து பெற்றோருடையதாகவே இருக்கட்டும்; அண்ணன் போட்ட கையெழுத்து எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்