எங்க எட்டு ஆட்டுக்கும் கை கொடுத்தவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைசி ஆட்டோட ரோமத்தையும் எடுத்து முடிச்சாச்சு. எட்டு செம்மறி ஆடு, எட்டு பை, ஒவ்வொரு பை மேலயும் அந்த ஆட்டோட நிறத்துப் பேரை மார்க்கர்ல எழுதி வரிசையா சுவரோரம் வெச்சிருக்கேன். ராத்திரி பத்து மணிக்கும் வெளியில நல்ல வெளிச்சம், இங்க ஜூன் ஜூலைல அப்படித்தான், அந்த வெளிச்சத்துல வாசப்படியில உக்காந்து பைகளையே பாத்துட்டு இருந்தேன். ஒவ்வொரு பையைப் பாக்கும்போதும் ஒருத்தர் முகம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அத்தனை பேர்கிட்டயும் நேர்ல தேங்க்ஸ் சொல்லிட்டேன், ஆனா என் பாஷையில எழுதினா தான் எனக்கு மனசு நிறையும், அதனால எழுதுறேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் சிவகங்கைப் பக்கம் பொறந்தவ, நர்ஸ் வேலைக்காக ஷெட்லாண்ட் வந்தேன். ஸ்காட்லாண்டுக்கும் வடக்க நடுக்கடல்ல இருக்கற தீவுக்கூட்டம், அபர்டீன்ல சாயங்காலம் ஃபெர்ரி ஏறினா விடியக்காலைல தான் லெர்விக் வந்து இறங்குவோம். எங்க வீடு பெரிய தீவோட மேற்குப் பக்கம், ஒரு க்ராஃப்ட்ல. க்ராஃப்ட்னா கொஞ்சம் நிலமும் வீடும், அதோட மலையில ஊருக்கே பொதுவான மேய்ச்சல் உரிமையும். அந்தப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு இங்க ஸ்காட்டல்ட்னு பேரு. 1886ல ஒரு சட்டம் வந்த பிறகு தான் நிலச்சொந்தக்காரங்க இந்தக் குடியானவங்களை நினைச்ச நேரத்துல வெளிய துரத்த முடியாம போச்சுன்னு எங்க வீட்டுச் சொந்தக்காரப் பெரியவர் சொல்லுவார், அவர் தாத்தா காலத்துக் கதையெல்லாம் நேத்து நடந்த மாதிரி சொல்லுவார்.

ஐயா, முதல் நன்றி உங்களுக்குத்தான். வீட்டை வாடகைக்குக் குடுத்தீங்க, ஆறே மாசத்துல நான் தினமும் உங்க வேலிகிட்ட வந்து நிக்கிறதைப் பாத்துட்டு ஆறு பெட்டை ஆட்டையும் குடுத்தீங்க. காசு பத்தி கேட்டதுக்கு, குட்டி போட்டதும் பாத்துக்கலாம்னுட்டீங்க. எங்க தாத்தா கிடை போட்டவர், கோடையில அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டை ராத்தங்க வெச்சு எருவுக்குக் கூலி வாங்கினவர், ஆனா நான் ஆட்டைத் தொட்டு வளந்தவ இல்ல, படிக்க ஹாஸ்டல் போயிட்டேன். அது உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் குடுத்தீங்க.

நீங்க சொல்லிக் குடுத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நிறங்களோட பேரு தான். ஷெட்லாண்ட் ஆட்டுல 11 நிறம், 30 விதமான புள்ளியும் பட்டையும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு. செம்பழுப்பு மூரிட், கருஞ்சாம்பல் ஷேலா, நீலம் ஓடுன சாம்பல் எம்ஸ்கெட், மேல வெளுத்து வயிறு மட்டும் கருத்திருந்தா கட்மோகெட், அதுக்கு நேர்மாறா வயிறு வெளுத்திருந்தா குல்மோகெட், கண்ணைச் சுத்தி வேற நிறம் இருந்தா யூக்லெட். இதெல்லாம் நார்ன்ங்கிற பழைய பாஷை, நார்வேக்காரங்க கொண்டு வந்தது. 1469ல, அப்ப நார்வேயையும் ஆண்டுட்டு இருந்த டென்மார்க் ராஜா தன் பொண்ணோட சீதனத்துக்கு ஈடா இந்தத் தீவுகளை ஸ்காட்லாண்டுகிட்ட அடமானம் வெச்சார், அதை மீட்கவே இல்ல, கொஞ்சம் கொஞ்சமா அந்த பாஷையும் பேச ஆளில்லாம போயிடுச்சு. ஆனா ஆட்டு மேல மட்டும் அந்த வார்த்தைங்க ஒட்டிட்டு நிக்குது. எங்க ஊர்லயும் மாட்டுக்கு மயிலை, செவலை, காரி, நெத்தியில வெள்ளை இருந்தா சுட்டின்னு தான் சொல்லுவோம்னு உங்ககிட்ட சொன்னப்ப, மூரிட்டைக் காட்டி "இது செவலையா?"ன்னு கேட்டீங்க பாருங்க, அன்னிலேர்ந்து அவ பேரே செவலை தான். நீங்க கூப்பிட்டாலும் வர்றா.

அந்தப் பேரெல்லாம் தெரிஞ்ச பிறகு தான் எனக்கு ஆட்டை எண்ணவே வந்துச்சு. முன்னாடி ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி ஏழு வந்தா எது காணோம்னு தெரியாம முழிப்பேன். இப்ப ஷேலா எங்கன்னு மனசு உடனே கேக்குது.

குளிர்காலத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, இருட்டு தான். டிசம்பர்ல பகல் ஆறு மணி நேரம் கூட வராது, நான் ஷிஃப்ட் போகும்போதும் இருட்டு வரும்போதும் இருட்டு, ஆட்டை டார்ச் அடிச்சுப் பாத்த நாள் தான் அதிகம். குளிரை விட காத்தும் மழையும் சேந்து அடிக்கிறது தான் கொடுமை. அப்ப நீங்க சொன்னீங்க, கொட்டகைக்குள்ள அடைக்காத, கல்சுவர் மறைவு போதும்னு. அது மாதிரியே கடல் வத்துற நேரம் பாத்து அதுங்களா கரைக்கு இறங்கி கடல்பாசியைத் தின்னுச்சு, நான் பதறிட்டு ஓடி வந்தேன், விடும்மா அதுங்க பாட்டி காலத்துலேர்ந்து தின்னுதுன்னு நிறுத்தினீங்க.

நவம்பர் கடைசில பொலிகிடாவை இரவல் குடுத்த அண்ணனுக்கும் நன்றி. கொம்பு ரெண்டு சுத்து சுத்தின அழகான கிடா. அவன் நெஞ்சுல வண்ணம் பூசி விட்டு, 17 நாளுக்கு ஒரு தடவை வண்ணத்தை மாத்தணும்னு காட்டிக் குடுத்தீங்க, ஏன்னா 17 நாளுக்கு ஒரு தடவை தான் ஆடு பருவத்துக்கு வரும், அவன் ஏறினப்ப பெட்டை ஆட்டு முதுகுல ஒட்டின நிறத்தை வெச்சே எது எப்ப குட்டி போடும்னு கணக்குப் போட்டுடலாம். சினைக்காலம் 147 நாள், கொஞ்சம் முன்ன பின்ன. அந்தக் கணக்கை வெச்சு தான் நான் ஆஸ்பத்திரில லீவே கேட்டேன்.

இப்ப அக்காவுக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீல கதவு வீட்டு அக்கா. இதை எழுத கொஞ்சம் கஷ்டமா இருக்கு.

முதல் வருஷம் மே மாசம், ராத்திரி முழுக்க மழை, விடிஞ்சு போய்ப் பாத்தா சுவரோரம் ஒரு குட்டி விறைச்சுக் கிடக்கு. ஷேலாவோட குட்டி. வாய்க்குள்ள விரலை விட்டா ஐஸ் மாதிரி இருந்துச்சு. நான் நர்ஸ் இல்லையா, குளிர்ந்தா சூடு பண்ணணும்னு தூக்கிட்டு ஓடி ஹீட் லாம்ப் கீழ வெச்சேன். தலையைத் தூக்குச்சு, கத்தக் கூடச் செஞ்சுச்சு, பிழைச்சிடுச்சுன்னு நினைச்சேன், கொஞ்ச நேரத்துல வெட்டி வெட்டி இழுத்துச்சு, போயிடுச்சு. பிறகு தான் வெட் டாக்டரம்மா புரிய வெச்சாங்க. பொறந்து அஞ்சு மணி நேரம் தாண்டின குட்டி, உடம்பு 37 டிகிரிக்குக் கீழ போயிருந்தா, உள்ள இருந்த கொழுப்பெல்லாம் எரிஞ்சு தீந்திருக்கும், ரத்தத்துல சர்க்கரையே இருக்காது, அப்படியே சூடு பண்ணினா மூளைக்குச் சர்க்கரை பத்தாம வலிப்பு வந்து செத்துடும், அதனால முதல்ல வயித்துல ஊசி வழியா குளுக்கோஸ் போட்டுட்டு பிறகு தான் சூடு பண்ணணும்னு. ஒரு வார்த்தை திட்டல அவங்க. ஊசியை எந்த இடத்துல எந்தச் சாய்வுல போடணும்னு என் கையைப் பிடிச்சே பழக்கி விட்டாங்க.

அன்னிக்குக் காலைல நான் அழுதுட்டு உக்காந்திருந்தப்ப தான் அக்கா வந்தீங்க, கைல ஒரு கேடி குட்டியோட. தாயில்லாத குட்டியை இங்க கேடின்னு தான் சொல்றாங்க. செத்த குட்டியோட தோலை எடுத்துக்கட்டுமான்னு என்கிட்ட கேட்டீங்க, கேக்காம செஞ்சிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், ஆனா கேட்டீங்க. அந்தத் தோலை சட்டை மாதிரி கேடி குட்டிக்குப் போட்டு ஷேலாகிட்ட விட்டீங்க. அவ வாலுப்பக்கம் மோந்து பாத்தா, ரொம்ப நேரம் மோந்து பாத்தா, பிறகு அசையாம நின்னு பால் குடிக்க விட்டா. எங்க ஊர்ல கன்னுக்குட்டி செத்துட்டா தோல்ல வைக்கோல் அடைச்சு பசுகிட்ட காட்டி பால் கறப்பாங்க, சின்ன வயசுல அதைப் பாத்து எனக்கு அந்தப் பசு மேல ரொம்பப் பரிதாபமா இருக்கும். இங்க ஷேலாவுக்கு நிஜமாவே ஒரு குட்டி கிடைச்சுது, அந்தக் குட்டிக்கு ஒரு தாய் கிடைச்சா. ரெண்டு நாள்ல தோலை எடுத்துட்டோம், அதுக்குள்ள அது அவ குட்டியாவே ஆயிடுச்சு.

இந்த வருஷம் அதே மாதிரி இன்னொரு காலை வந்துச்சு. செவலை ரெட்டைக் குட்டி போட்டிருந்தா, ஒண்ணு தாயோட எழுந்து நின்னுட்டு இருந்துச்சு, இன்னொண்ணு மட்டும் தள்ளிக் கிடந்துச்சு. தெர்மாமீட்டர் 35ன்னு காட்டுச்சு. கை நடுங்கினது உண்மை, ஆனா எது முதல்ல எது அப்புறம்ங்கிறது தெரிஞ்சுது. ரெண்டு கிலோ குட்டி, கிலோவுக்கு 10 மில்லி கணக்குல 20 மில்லி குளுக்கோஸ், பிறகு துடைச்சு சூட்டுப் பெட்டி, 37 தாண்டி தலையைத் தானா பிடிச்ச பிறகு தான் ட்யூப் வழியா தாயோட சீம்பால் 100 மில்லி. அக்கா பக்கத்துலயே நின்னீங்க, கையை மட்டும் நீட்டல, நானே செய்யட்டும்னு விட்டீங்க. மதியம் கொண்டு போய் செவலைகிட்ட விட்டப்ப அது ஓடிப்போய் மடியை முட்டுச்சு பாருங்க, அப்ப நீங்க என் தோள்ல கை வெச்சீங்க, அது போதும் எனக்கு.

இந்தத் தீவுல நரி கிடையாது, ஆனா அண்டங்காக்கையும் பான்க்ஸிங்கிற பெரிய கடல்பறவையும் குட்டிகளை விடாது. அந்த ரெண்டு வாரம் நான் டியூட்டியில இருந்த நேரமெல்லாம் மாத்தி மாத்தி வந்து பாத்துக்கிட்ட மூணு வீட்டுக்காரங்களுக்கும் என் நன்றி.

அக்கா பையனுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும், பதினாலு வயசு தான். போன அக்டோபர்ல நான் ஒரு கடைல மினரல் பக்கெட் வாங்கினேன், ஆட்டுக்குன்னு சொல்லித் தான் கேட்டேன், மாட்டுக்கானதை எடுத்துக் குடுத்துட்டாங்க, நானும் பாக்காம மேய்ச்சல்ல வெச்சுட்டேன். தம்பி நீ போற போக்குல லேபிளைப் படிச்சுட்டு அப்படியே பக்கெட்டைத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல வெச்ச. அதுல தாமிரம் சேத்திருக்கு, மாட்டுக்குத் தேவை, ஆட்டுக்கு அது ஈரல்ல தங்கித் தங்கி மாசக்கணக்குல வெளிய தெரியாம இருந்துட்டு திடீர்னு சாய்ச்சிடும். நீ பாக்கலன்னா இன்னிக்கு எட்டு பை இருந்திருக்குமான்னு தெரியல.

ஊர்ல இருக்கறவங்களையும் விட முடியாது. நாமக்கல் கால்நடைக் கல்லூரில படிச்ச என் சித்தி பையன், எத்தனை ராத்திரி அங்க விடியுறதுக்கு முன்னாடி எழுப்பியிருக்கேன், ஒரு தடவை கூட சலிச்சுக்கல, குட்டியோட கால் மாட்டிட்டு வந்தப்ப வீடியோவுல பாத்துட்டே வலியோட சேந்து தான் இழுக்கணும் அவசரப்படாதன்னு நிதானமா சொல்லிட்டே இருந்தான். அப்பத்தாவோட வாய்ஸ் நோட்டும். ஈன ஆட்டுக்கு வெதுவெதுப்பா தண்ணி குடு, பக்கத்துல நின்னு பேசிட்டே இருக்காதன்னு சொன்னாங்க. அதையே பெரியவரும் சொன்னார்.

கடைசியா காஆ அன்னிக்கு வந்த எல்லாருக்கும். மலையில மேயுற ஊர் ஆட்டையெல்லாம் எல்லாரும் கை கோக்காத குறையா வரிசையா நடந்து விரட்டிட்டு வந்து கல்பட்டிக்குள்ள சேக்குறது தான் காஆ, அந்தப் பட்டிக்கு க்ரோன்னு பேரு. நாய், குழந்தைங்க, எண்பது வயசுக்காரங்க, எல்லாரும் நடந்தாங்க. பிறகு கத்தரி இல்லாம கையாலயே ரோமம் எடுக்குறது, ரூயிங்னு சொல்றாங்க. இந்த இனத்துக்கு கோடை வந்தா பழைய ரோமம் வேர்ல தானா விட்டுக்கும், கீழ புதுசு முளைச்சிட்டு இருக்கும், கழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா பிரிச்சா கம்பளி போத்தியிருந்தது கழண்டு வர்ற மாதிரி வரும். வெட்டுப்பட்ட முனை இல்லாததால நூல் அவ்வளவு மென்மை. எல்லா ஆடும் ஒரே நாள்ல தயாராகாது, பிடிச்சு இழுத்தா அதுக்கு வலிக்கும், அதான் எங்க எட்டும் முடிய நாலு வாரம் ஆச்சு. ஒரு ஆட்டுக்கு ஒரு கிலோ, மிஞ்சினா ஒன்றரை. எப்ப தயார்னு விரலால தொட்டுப் பாக்கக் கத்துக் குடுத்த பாட்டிம்மா, உங்க கை மேல என் கையை வெச்சு நீங்க சொல்லிக் குடுத்தது மறக்காது. கழுத்து ரோமத்தைத் தனியா எடுத்து வை, மெல்லிசு சால்வைக்கு அது தான்னு சொன்னீங்க, தனியா வெச்சிருக்கேன், அது உங்களுக்கு.

முள்வேலியிலயும் புதர்லயும் ஒட்டிட்டு இருந்த ரோமத்தை என் பொண்ணு ஒரு டப்பா நிறைய பொறுக்கியிருக்கா, அதுக்கும் இங்க ஹென்டிலாகெட்ஸ்னு பேரு இருக்குன்னு ஐயா தான் அவளுக்குச் சொன்னீங்க, தினமும் பத்து தடவை அந்த வார்த்தையைச் சொல்றா.

ஐயா, அந்த 35 டிகிரி குட்டி பொட்டைக் குட்டி, கட்மோகெட். ஆட்டுக்குக் காசு இன்னும் நீங்க வாங்கல, அதனால அக்டோபர்ல பால் மறந்ததும் அவ உங்க மந்தைக்கு வர்றா, வேண்டாம்னு சொல்லக் கூடாது. காஆ அன்னிக்கு உங்க க்ரோ சுவர்ல வடக்குப் பக்கம் நாலஞ்சு கல்லு சரிஞ்சு கிடந்ததைப் பாத்தேன். இந்த சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்ல, காலைல பத்து மணிக்கு நாங்க மூணு பேரும் வந்து எடுத்து அடுக்கித் தர்றோம், நீங்க எந்தக் கல்லு எங்கன்னு மட்டும் உக்காந்து சொல்லுங்க.