தடை போட்ட நாளிலும் ஒகேனக்கல் வரலாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஒகேனக்கல் பயணக் கட்டுரையைப் படித்தேன். நான் பென்னாகரத்துக்காரன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைப் பத்திரிகையில் பார்த்தாலே ஒரு சந்தோஷம் வந்துவிடும். பரிசல் சவாரி, எண்ணெய் மசாஜ், அப்போதே பிடித்த மீனை வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுவது என எல்லாவற்றையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைசிப் பத்தி வரும்வரை. வெள்ளம் வந்து தடை போட்டுவிட்டால் பயணம் வீண், கோடையில் தண்ணீர் குறைந்துவிட்டால் பார்க்க எதுவுமில்லை, ஆகவே கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். விசாரிப்பது நல்லதுதான். வீண் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் காவிரித் தண்ணீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி) தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கும் அங்கேதான் அளக்கப்படுகிறது. அதைத் தாண்டியதும் ஆறு ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே சிக்கிப் பல கிளைகளாகப் பிரிந்து குதிக்கிறது. வெள்ளம் வரும்போது இந்தக் கிளைகளே தெரியாது. அருவிகள் மூழ்கி, பாறையெல்லாம் மறைந்து, ஒரே செம்மண் நிறப் பெருக்காகப் போகும். 2018, 2019, 2022, 2024 ஆண்டுகளில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்த நிலையில் பரிசல் விடவோ குளிக்கவோ மாவட்ட நிர்வாகம் தடை போடுவது நியாயமே. யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

என் வருத்தம் அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றியது. வழியில் மடம் என்ற ஊரில் உள்ள சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்தித் திருப்பிவிடுகிறார்கள். ஆடிப்பெருக்கு நேரத்தில் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் பிடித்து, பாத்திரம் பண்டம், பாட்டி, பேரப்பிள்ளைகள் சகிதம் வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போகிறார்கள். சிலர் குறுக்குப் பாதை கண்டுபிடித்து ஆற்றில் இறங்கப் பார்க்கிறார்கள், ஆபத்து வருவது அதனால்தான். "இன்றைக்கு ஆறு இல்லை, ஆனால் இந்தப் பக்கம் போனால் இது இருக்கிறது" என்று சொல்ல அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது.

சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மடத்திலிருந்து திரும்பினால் பென்னாகரம். அங்கிருந்து அரை மணி நேரத்தில் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசியாக வாழ்ந்து, 1925 ஜூலை 23-ஆம் தேதி இறந்த ஊர். சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தபோது கட்டை வண்டியிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பாரத மாதாவுக்கு இங்கே ஓர் ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டார். வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டியும் அவர் காலத்தில் அது எழவில்லை. பிற்காலத்தில் தமிழக அரசு அங்கே நினைவாலயம் கட்டியது. அவர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு வருகிற நூறு பேரில் பத்துப் பேராவது இங்கே எட்டிப் பார்க்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் தருமபுரி நகரத்துக்குள்ளேயே இருக்கும் அகழ்வைப்பகம், அதாவது தொல்பொருள் காட்சிக்கூடம். நான் அதிகம் எழுத நினைப்பது அதைப் பற்றித்தான். சண்டையில் இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களான நடுகற்கள் என்றால் செங்கம், தருமபுரி வட்டாரம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். இந்த மாவட்டத்தில் வயலிலும் ஏரிக்கரையிலும் கிடந்தவற்றில் ஒரு பகுதியை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், காலடியில் ஒரு கெண்டி (மூக்கு வைத்த பாத்திரம்), மேலே பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் நாலைந்து வரி. அந்த எழுத்தில் பெரிய காவியம் எதுவும் இல்லை. இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டில் இன்னாருடைய சேவகன் தொறு மீட்டுப் பட்டான், அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு. புலியோடு மோதிச் செத்தவனுக்கும் உண்டு. அரசர்களின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, ஒரு சாதாரண ஆளின் பெயர் கல்லில் நிற்பதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

இன்னொன்றும் உண்டு. எல்லா நடுகல்லும் காட்சிக்கூடத்துக்கு வந்துவிடவில்லை. இந்தப் பக்கம் வேடியப்பன் கோயில் என்று மரத்தடியில் மஞ்சள் பூசிக் கும்பிடுகிற இடங்களில் பல, உண்மையில் நடுகல் நிற்கும் இடங்கள்தான். ஊர்க்காரர்களுக்கு அது சாமி, ஆய்வாளருக்கு ஆவணம். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்கும்வரை எனக்கு இரண்டும் சரி. ஆனால் அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதையாவது யாராவது எழுதி வைக்கலாம்.

அதே தருமபுரியில் கோட்டைக் கோயில் இருக்கிறது. மல்லிகார்ச்சுனர் சன்னிதியில் தரையைத் தொடாத தூண், காமாட்சி அம்மன் சன்னிதியின் அடித்தளத்தில் வரிசையாக ராமாயணச் சிற்பங்கள். குழந்தைகளோடு வந்தவர்களுக்கு அந்தத் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. சேலம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த தமிழி (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டு 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்தது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. அதில் அஞ்சியைச் சதியபுத்திரன் என்று குறித்திருப்பதால், அசோகன் தன் கல்வெட்டில் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு அதில்தான் விடை கிடைத்தது. அதியமான்கோட்டையில் இதையெல்லாம் சொல்ல நல்லதாக ஒரு விளக்கப் பலகை வைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடப் போகிறது?

சரி, வெள்ள நாளுக்கு இவ்வளவு போதும். கோடைக்கு வருகிறேன்.

ஒகேனக்கல்லில் தண்ணீர் குறையும்போது கீழே மேட்டூர் அணையிலும் குறையும். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பியபோது ஆற்றோரத்து ஊர்கள் பல தண்ணீருக்குள் போயின. மக்கள் வீட்டை விட்டு மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே வரும். முதலில் தலை, பிறகு கழுத்து, இன்னும் இறங்கினால் முழு உருவம். கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் அதேபோல் எழும். நீர் விலகிய நிலத்தில் உழவர்கள் சோளமும் கம்பும் போட்டு, தண்ணீர் திரும்பி வருவதற்குள் அறுத்துவிடப் பார்ப்பார்கள். மைசூர்ப் போர்களில் பெயர் அடிபட்ட காவேரிபுரமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. இதை "பார்க்க எதுவுமில்லை" என்று எழுதினால் எப்படி?

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரை போய், அங்கிருந்து படகில் அக்கரை பண்ணவாடி போகலாம். சாலை வழியாக மேட்டூர் சுற்றிப் போவதைவிட இது நேரம் மிச்சம். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் அகன்ற நீர், படகில் மோட்டார் சைக்கிளோடு ஆடுமாடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள். சுற்றுலாப் படகு இல்லை, ஊர்க்காரர்களின் அன்றாடப் போக்குவரத்து. அதனால் கூட்டமாகப் போய் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

இங்கே பரிசல் ஓட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தடை என்றால் அவர்களுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. தடை வாரக்கணக்கில் நீண்டால் கடன்தான். மூங்கில் பிளாச்சைப் பின்னி அடியில் தார் பூசிப் பரிசல் கட்டுவது எப்படி, சுழல் எங்கே இருக்கிறது, எந்தப் பாறைக்குப் பக்கம் எந்த மாதத்தில் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தடை நாட்களில் கரையில், ஆற்றைவிட்டுத் தள்ளி, பரிசல் கட்டிக் காட்ட ஓர் இடம் கொடுத்து, அதற்கு ஒரு கட்டணம் வைக்கலாம். விருப்பம் உள்ள இளைஞர்களுக்குத் தொல்லியல் துறை கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் நடுகற்களுக்கும் கோட்டைக் கோயிலுக்கும் அவர்களே வழிகாட்டிகளாக வரலாம். நிர்வாகம் நினைத்தால் அடுத்த ஆடிக்குள் செய்யக்கூடியது. இதற்குக் கோபுரமும் கண்ணாடிப் பாலமும் வேண்டாம்.

கம்பியில் தொங்கிப் போகிற சாகச விளையாட்டுகளைக் கொண்டுவரலாம் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. இந்த ஆற்றோரக் காடுகளில் பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர். யானை, நீர்நாய், முதலை, ஆற்று ஆமை எல்லாம் இருக்கிற இடம். புதுப் புது இடங்களில் கூட்டத்தை இறக்குவதைவிட, ஏற்கனவே சாலையும் பேருந்தும் இருக்கிற ஊர்களுக்குக் கூட்டத்தைப் பிரித்து அனுப்புவது காட்டுக்கும் நல்லது, பாப்பாரப்பட்டி டீக்கடைக்காரருக்கும் நல்லது. (பாறை இடுக்கில் கிடக்கும் உடைந்த மதுப் பாட்டில்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் நீண்டுவிடும், விட்டுவிடுகிறேன்.)

உங்கள் கட்டுரையாளர் மறுபடி வருவதாக இருந்தால் அவருக்கு இரண்டு தகவல்கள். மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தித்தாளில் வருகிறது, நந்தியைப் பார்க்க ஆசையிருந்தால் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், எல்லா ஆண்டும் வெளியே வராது. நீர் வற்றிய நிலம் மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே சேறு முழங்கால் வரை இழுக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்காமல் நந்தி பக்கம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
பென்னாகரம் வாசகர்