ஞாயிறு நடைப்பயணம்: சில வேண்டுகோள்கள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வரும் உலகச் சிறுநீரக நாளையொட்டி, இந்த ஞாயிறு காலை 6 மணிக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே கூடி, கலங்கரை விளக்கம் வரை நடக்கவிருக்கிறோம். திரளும் நன்கொடை, வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சைக்கு) செல்வோரின் ஆட்டோ செலவுக்கே சேரும். சிகிச்சை காப்பீட்டில் நடந்தாலும் போக்குவரத்தில்தான் கைக்காசு கரைகிறது என்பதை நானே அறிவேன்.

சென்ற முறை அன்பர் ஒருவர் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, நான் மறுத்ததும் முகம் வாடினார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. செயலிழந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாமல் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே நோயாளிகளிடம் எதையும் வற்புறுத்தி நீட்ட வேண்டாம். தண்ணீரைக்கூட அவரவர் அளவறிந்தே குடிப்பார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அறுவை செய்து இணைத்த இரத்தக்குழாய்) உள்ள கையைப் பிடித்து இழுப்பதும் அதில் பையை மாட்டுவதும் கூடவே கூடாது. விரல் வைத்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும் அந்த இடத்தில்தான் டயாலிசிஸ் ஊசி ஏறுகிறது.

சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள உறவினர்களையும் அழைத்து வாருங்கள். வருவோர் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பெயரைப் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.