வழக்குப் போட்டு என்ன கண்டோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நடத்திய போராட்டச் செய்தியை வாசித்துவிட்டு, "இத்தனை வருடமாக வழக்குப் போட்டு என்ன கண்டோம், இனியும் ஏன் கோட்டுக்கு அலைய வேண்டும்?" என்று ஒரு வாசகர் சென்ற வாரம் எழுதியிருந்தார். அவருடைய சலிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பாகிஸ்தானின் லாகூர்ப் பெண் ஒருவர் போட்ட வழக்கைப் பற்றி அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2018 பெப்ரவரியில் காலமான சட்டத்தரணி அஸ்மா ஜஹாங்கீர்தான் அவர். இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் நடத்திய விசாரணைக்கு ஆலோசனை சொல்ல 2014இல் நியமிக்கப்பட்ட மூன்று நிபுணர்களில் ஒருவர். அப்படியிருந்தும் எங்கள் பகுதியில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

1971 டிசம்பரில் அவருடைய தந்தை மாலிக் குலாம் ஜிலானியை இராணுவ ஆட்சிச் சட்டத்தின்கீழ் தடுத்து வைத்தார்கள். இன்று பங்களாதேஷ் ஆகிவிட்ட கிழக்குப் பாகிஸ்தானில் வங்காளிகள்மீது இராணுவம் நடத்திய அட்டூழியத்தை லாகூரில் இருந்துகொண்டே கண்டித்தவர் அவர். அதற்காகப் பங்களாதேஷ் 2013இல் அவரைக் கௌரவித்தது. (எங்கள் நாட்டின் தெற்கில் அப்படி எத்தனை பேர் பேசினார்கள் என்று கேட்போம். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் கொன்றபோது தமிழர்களாகிய நாங்கள் எத்தனை பேர் வாய் திறந்தோம் என்பதையும் சேர்த்தே கேட்போம்.)

தந்தைக்காக மனுப் போட்டவர் அஸ்மா. அப்போது அவர் சட்டத்தரணிகூட இல்லை, இருபது வயதை எட்டிக்கொண்டிருந்த பெண். ஆட்சியைக் கவிழ்த்து வெற்றி பெற்றுவிட்டால் அதுவே சட்டமாகிவிடும் என்ற 1958ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி லாகூர் மேல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அதற்கும் மேலான, நாட்டின் உயர் நீதிமன்றமோ 1972 ஏப்ரலில் அந்தப் பழைய தீர்ப்பையே தூக்கி எறிந்தது. அந்த இராணுவ ஆட்சியை நடத்திய ஜெனரல் யாஹ்யா கான் அதிகாரத்தை அபகரித்தவர் என்று எழுதியது.

ஆனால் அப்படி எழுதும்போது யாஹ்யா பதவியில் இல்லை. ஆள் போன பிறகுதான் நீதிபதிகளுக்குத் தைரியம் வந்தது. அது போதாதென்று, 1977இல் ஜெனரல் ஸியா ஆட்சியைப் பிடித்தபோது அதே நீதிமன்றம் 'அவசியம்' என்று காரணம் சொல்லி ஏற்றுக்கொண்டது. எங்கள் வாசகர் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

அஸ்மா விடவில்லை. சட்டம் படித்தார். 1980இல் தங்கை ஹினாவோடு சேர்ந்து லாகூரில் பெண்களுக்காகச் சட்ட அலுவலகம் திறந்தார். ஸியாவை எதிர்த்து 1983இல் சிறைக்குப் போனார். 2007 நவம்பரில் ஜெனரல் முஷாரப் அவசரநிலை கொண்டுவந்தபோது வீட்டுக்காவலில் இருந்தார். அந்த அவசரநிலை சட்டத்துக்கு மாறானது என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்த்தபோது, அவர் தந்தைக்காகப் போட்ட அந்தப் பழைய வழக்கும் ஆதாரமாக எடுத்துப் பேசப்பட்டது. இடையில் முப்பத்தேழு வருடங்கள் போயிருந்தன. சரி, அது நீண்ட காலம்தான். வழக்கே போடாமல் இருந்திருந்தால் எடுத்துப் பேச என்ன இருந்திருக்கும்?

1990 செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்ற கதையை மட்டக்களப்பில் தெரியாதவர் இல்லை. விசாரணை ஆணைக்குழு முன்னிலையில் அதற்குச் சாட்சியமும் பதிவாகியிருக்கிறது. அதைக் கொடுத்த தாய்மாரிடம் போய் "என்ன கண்டீர்கள்" என்று கேட்க எனக்கு வாய் வராது.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். 2021 மே மாதம் கிரானில் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் செய்தவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தபோது எல்லாப் பத்திரிகைகளும் செய்தி போட்டன. அப்புறம் வந்த வழக்குத் தவணைகளைப் பற்றி ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை. இப்படியான வழக்குகள் அடுத்து எந்தத் திகதியில், எந்த நீதிமன்றத்தில் எடுக்கப்படுகின்றன என்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். தெரிந்தால் நாலு பேராவது போய் உட்கார்ந்திருப்போம்.

வாசகி,
ஆரையம்பதி