எதில் ஆடிப் பார்த்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் பற்றி எழுதுகிறவர்கள், எந்தக் கன்சோலில் (கேம் ஆடும் கருவியில்) ஆடிப் பார்த்தோம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. 2016ல் வந்த டூம் என்ற சுடும் ஆட்டம், பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும். மறு ஆண்டு நின்டெண்டோவின் சுவிட்ச் என்ற, கையிலும் வைத்து ஆடக்கூடிய கன்சோலுக்கு வந்தபோது அதே ஆட்டம் 30க்கு இறங்கி, படமும் மங்கிப்போனது. ஆனாலும் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து பாசிர் ரிஸ் வரை எம்ஆர்டி ரயிலில் கையில் வைத்து ஆட எனக்கு அதுவே போதும், வீட்டுப் பெரிய டிவியில் என்றால் வேண்டவே வேண்டாம்.

1993லேயே இந்தக் கதைதான். மோர்ட்டல் கோம்பாட் என்ற சண்டை ஆட்டத்தில், சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் அடித்தால் ரத்தத்துக்குப் பதில் வியர்வை தெறிக்கும், சேகா கன்சோலில் ரகசிய பட்டன் வரிசையைத் தட்டினால் ரத்தம். படமும் ஒலியும் என்னவோ நின்டெண்டோவில்தான் மேல்! பிள்ளைக்கு வாங்கும் அப்பா அம்மா அட்டைப்படத்தைப் பார்த்து இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஒரு வாசகர், ஜூரோங்