பாஸ் வாசிப்பவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு குரல், ஒரு டபுள் பாஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய, தாழ்ந்த ஒலி கொண்ட தந்தி வாத்தியம்), இருவர் மட்டும் ஜாஸ் ஸ்டாண்டர்ட் பாடல்களை (ஜாஸ் கலைஞர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பாடும் பழைய பாடல்கள்) வழங்கிய நிகழ்ச்சிக்குத் தங்கள் இசைப் பக்கத்தில் வந்த விமர்சனத்தைப் படித்தோம். பியானோவும் டிரம்ஸும் இல்லாததால் இசை வெறுமையாக இருந்தது என்கிறது அது. பாடகியின் பெயர் இருக்கிறது, பாஸ் வாசித்தவரின் பெயர் இல்லை. இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான்: பெரிய குழுவிலிருந்து ஆட்களைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இந்த இருவர் இசை என்ற எண்ணம்.

ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுப்பது அதன் மூன்றாவது ஸ்வரம். கார்டின் அடிப்படை ஸ்வரமான ரூட்டை பாஸ் பிடிக்க, குரல் மூன்றாவதில் வந்து நின்றால், இரண்டே ஒலிகளில் கார்டு காதுக்குப் புரிந்துவிடும். ஜெரோம் கெர்ன் 1939-இல் இசையமைத்த 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' மெட்டு பெரும்பாலான கார்டுகளில் மூன்றாவதில்தான் இறங்குகிறது. ஜோசப் கோஸ்மாவின் 'ஆட்டம் லீவ்ஸ்' முதல் பகுதியில் நீண்டு நிற்கும் ஸ்வரங்களும் அப்படியே. இருவருக்கு இந்தப் பாடல்கள் இவ்வளவு பொருந்துவது அதனால்தான். 1937-இல் வந்த 'மை ஃபன்னி வாலன்டைன்' வேறு வகை. அங்கே சி மைனர் கார்டுக்குள் சி, பி, பி பிளாட், ஏ என்று அரை அரை ஸ்வரமாக ஒரு கோடு இறங்குகிறது. பாஸ் அதை மட்டும் வாசித்தாலே போதும், பியானோவைத் தேடத் தோன்றாது.

மெட்டு மூன்றாவதைத் தராத இடத்தில் பாஸ் இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்ட வேண்டும். ஈ தந்தியில் மூன்றாவது அரை ஸ்வரம் ஜி; ஜி தந்தியில் நான்காவது அரை ஸ்வரம் பி. இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் ஜி மேஜர். மேல்விரலை ஓர் அரை ஸ்வரம் பின்னுக்கு இழுத்தால் ஜி மைனர். இதே இரண்டு ஸ்வரங்களை ஒரே ஸ்தாயிக்குள் கீழே நெருக்கமாக வாசித்தால் சேறுபோலக் குழம்பும். ஈ தந்தியின் அதிர்வு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் அருகருகே உள்ள ஸ்வரங்களைக் காது பிரித்தறிவதில்லை.

ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பாடகியின் குரலுக்கு வசதியானதை மட்டும் பார்த்து ஈ பிளாட் என்றோ ஏ பிளாட் என்றோ முடிவு செய்துவிடுவார்கள். பாஸின் திறந்த தந்திகள் ஈ, ஏ, டி, ஜி. அந்த ஸ்கேல்களில் ரூட்டை விரலால் அழுத்தித்தான் பிடித்தாக வேண்டும். ஒலி சீக்கிரம் அடங்கும், மேலே வேறெதையும் வாசிக்கக் கை மிஞ்சாது. அரை ஸ்வரம் நகர்த்தி டி அல்லது ஜி-க்கு வந்தால் திறந்த தந்தி அடியில் நீண்டு ஒலிக்கும், இடது கை மேல் ஸ்தாயியில் சுதந்திரமாக நடமாடும். அரை ஸ்வர மாற்றம் குரலுக்குச் சிறு சிரமம், பாஸுக்குப் பெரிய வரம். ஒத்திகையின் முதல் வேலையாக இதை முடிவு செய்யுங்கள்.

திறந்த தந்தியில் ஓர் ஆபத்தும் உண்டு. பல ஸ்டாண்டர்ட் பாடல்களுக்கு முன்னால் தாளக்கட்டில்லாமல் பாடும் ஒரு முன்பகுதி இருக்கும். துணையின்றி அதைப் பாடும்போது சுருதி மெல்ல இறங்கிவிடும். அதன் பின் பாஸ் திறந்த தந்தியில் நுழைந்தால் வித்தியாசம் அப்பட்டமாகக் கேட்கும், ஏனென்றால் அந்த ஸ்வரத்தை விரலால் சரிக்கட்ட வழியில்லை. முன்பகுதியின் நடுவிலேயே ஓரிரு இடங்களில் பாஸ் மென்மையாக ஒரு ஹார்மோனிக் (தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய ஒலி) கொடுத்துக் குரலை நிறுத்திவைக்க வேண்டும். பியானோ இல்லாதபோது குரல் இயல்பாகவே தூய மேஜர் மூன்றாவதை நாடும்; அது பியானோவின் மேஜர் மூன்றாவதைவிட 14 சென்ட் தாழ்வு (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பாஸில் ஸ்வர இடங்களைப் பிரிக்கும் ஃபிரெட் கட்டைகள் கிடையாது, குரலோடு இணைந்து நகரலாம். இந்த இனிமை பியானோ வந்து உட்கார்ந்தால் போய்விடும்.

அடுத்தது நடை. எல்லாப் பாட்டிலும் முதல் பாரிலிருந்தே (பார் என்பது நான்கு அடி கொண்ட தாளக் கட்டம்) வாக்கிங், அதாவது அடிக்கு ஒரு ஸ்வரம், வாசித்தால் பத்தே நிமிடத்தில் சலிப்புத் தட்டும். ஒரே மெட்டு திரும்பி வரும் முதல் இரண்டு ஏ பகுதிகளில் பாருக்கு இரண்டு அடி, வேறு மெட்டு வரும் நடுப்பகுதியான பிரிட்ஜில் வாக்கிங், கடைசி ஏ-யில் ஒரே ஸ்வரத்தில் நிற்பது என்று பிரித்துக்கொள்ளலாம். மெதுவான பாட்டில் கணக்கே வேறு. நிமிடத்துக்கு 60 அடி என்றால் ஒரு பார் நான்கு வினாடி. மீட்டிய ஸ்வரம் பார் முடியும் முன்பே தேய்ந்துவிடும், பாடுபவர் காலப்பிரமாணத்தை இழப்பார். வில்லை எடுங்கள், அல்லது பாரின் பின்பாதியில் சிறு நிரப்பல் செய்யுங்கள். அந்த வேகத்தில் 32 பார் சுற்று ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு முழுச் சுற்று, பிறகு பிரிட்ஜிலிருந்து பாதிச் சுற்று போதும்.

பாஸ் தனி வாசிக்கும்போது பாடுபவர் தண்ணீர் குடிக்கப் போகக்கூடாது. கார்டுகளின் மூன்றாவதையும் ஏழாவதையும் தாழ்ந்த குரலில் தொடர்ந்து முனகலாம், அல்லது 2, 4 அடிகளில் விரல் சொடுக்கலாம். பெகி லீ 1958-இல் பாடிய 'ஃபீவர்' பாட்டில் பாஸ், கொஞ்சம் டிரம்ஸ், விரல் சொடுக்கு, அவ்வளவுதான். அதை வெறுமை என்று யார் சொல்வார்கள்?

இந்த இருவர் வடிவத்தைத் தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் அமெரிக்க ஜாஸ் பாடகி ஷீலா ஜோர்டன். 1962-இல் பதிவான தன் ஆல்பத்தில் 'டாட் டேர்' பாட்டை ஸ்டீவ் ஸ்வாலோவின் பாஸோடு மட்டும் பாடினார். 1977-இல் ஆரில்ட் ஆண்டர்சனோடு ஒரு முழு ஆல்பம். பின்னர் ஹார்வி ஸ்வார்ட்ஸ், கேமரன் பிரவுன். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த பாஸ் கலைஞர்களையும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

ஒலியமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ் தனியாக இருக்கிறதே என்று அடி ஒலியை ஏற்றாதீர்கள். அதன் பெரிய மேல்பலகை மானிட்டர் (மேடையில் கலைஞர்கள் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) ஒலியை வாங்கி ஊளையிடத் தொடங்கும். மானிட்டரை பாஸுக்கு நேராக வைக்க வேண்டாம். தந்திகளைத் தாங்கும் குதிரையில் உள்ள பிக்கப்போடு (அதிர்வை மின் ஒலியாக்கும் கருவி), குதிரைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி ஒரு மைக்கும் வேண்டும்; பிக்கப் மட்டும் என்றால் ஒலி வறண்டிருக்கும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஸ்வரத்தைத் தெளிவாக்குவது விரல் தந்தியை விடும் சத்தம். அது அடி ஒலியில் இல்லை, நடு ஒலியில் இருக்கிறது.

பதிவைக் கேட்டு விமர்சனம் எழுதுபவர்கள் கைபேசியின் ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். பாஸின் அடி ஸ்வரங்கள் அதில் ஏறக்குறைய வருவதே இல்லை. குரல் மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
குரல்–பாஸ் இருவர் இசையில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்